"சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்!" - இனக் கேலி யாருக்கு விளையாட்டு?



"குராவ் சஜா." "சும்மா விளையாட்டுக்குத்தான்." "இதுக்குப் போய்க் கோபப்படலாமா?" இந்த மூன்றில் ஒன்றையாவது காதில் வாங்காமல் இந்த நாட்டில் வளர்ந்த தமிழர் யாரும் இருக்க மாட்டார். லிங்கி, ரந்தாவ், சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பெற்றோர் கேட்டார்கள். இன்று செனவாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். தோல் கருப்பு என்று ஒரு கேலி. குடிகாரன் என்று ஒரு கேலி. தலையை ஆட்டிப் பேசுகிறான் என்று ஒரு கேலி. சிரிக்காவிட்டால் "இவனுக்கு ஜோக்கே புரியாது" என்று அதற்கும் ஒரு கேலி!

இனத்தை வைத்துச் சிரிப்பது தீங்கில்லாத வேடிக்கையா, இல்லை உண்மையிலேயே அவமதிப்பா? பலரும் இதற்கு "அது அவரவர் மனசைப் பொறுத்தது" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மனசு புண்பட்டதா இல்லையா என்று பார்த்தால் இந்த விவாதம் முடியவே முடியாது. ஒருவருக்கு வலிக்கும், இன்னொருவருக்கு வலிக்காது. நாம் கேட்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள். ஒன்று, கேலிக்கு ஆளானவர் பயமில்லாமல் திருப்பிப் பேச முடியுமா? இரண்டு, அந்தக் கேலி சிரிப்போடு முடிந்துவிடுகிறதா, அல்லது வெளியே போய் நம் வயிற்றில் அடிக்கிறதா?

காவடியைக் கண்டு சிரித்தவர்கள்

2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரா எஃப்.எம். மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டு, காவடி ஆட்டத்தைப் போல ஆடிச் சிரித்த காணொளி வெளிவந்தது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள். மூன்று அறிவிப்பாளர்கள் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். தொடர்பு, பல்லூடக ஆணையம் முதலில் வானொலியின் உரிமத்தையே நிறுத்தி வைக்கப் போவதாக அறிவித்து, பிறகு அந்த நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி அபராதம் விதித்தது.

"ஆடினதுக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் காவடி என்றால் என்னவென்று தெரியாது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து, உடம்பை வருத்திச் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. துரை, கிராணி, தண்டல் என்று ஒவ்வொருவராகத் தலைக்கு மேல் நின்ற தோட்டத்தில், ஏழைத் தொழிலாளி யாருக்கும் தலைகுனியாமல் நடந்த நாள் காவடி எடுத்த நாள்தான். நாடு முழுவதும் கேட்கும் வானொலிக்காரர் கையில் மைக் இருக்கிறது. லிங்கியில் காவடி எடுத்த தொழிலாளி கையில் என்ன இருக்கிறது? முதல் கேள்வி இங்கேயே தோற்றுப்போகிறது.

ஒரு சொல்லின் கதை

"கெலிங்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். மலாக்காவில் 1748-இல் கட்டப்பட்ட கம்போங் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடு நிற்கிறது. அந்தக் காலத்தில் அது தென்னிந்திய வணிகரைக் குறித்த பெயர், வசவு அல்ல. கப்பலில் கூலிகளாக நம்மவர் வந்து இறங்கி, தோட்டத்து லயங்களில் அடைக்கப்பட்ட பிறகு அதே பெயர் காறித் துப்பும் சொல்லாக மாறியது. பெயர் மாறவில்லை, பெயருக்கு உரியவர்களின் நிலைமை மாறியது. அதனால்தான் 2017-இல் மகாதீரும், 2023-இல் பிரதமர் அன்வார் இப்ராகிமும் அந்தச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்திவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அன்வார் பழைய மலாய் இலக்கியத்தை எடுத்துக்காட்டித்தான் பேசினார், கேலி செய்யவில்லை. அப்படியும் வலித்தது என்றால், அந்தச் சொல் நம் மக்கள் மீது எத்தனை ஆண்டுகள் எறியப்பட்டிருக்க வேண்டும்!

"பாம்பையும் கெலிங்கையும் ஒன்றாகக் கண்டால் கெலிங்கை முதலில் அடி" என்ற 'ஜோக்' நமக்கெல்லாம் தெரியும். இந்தியாவிலும் இதே ஜோக் உண்டு, அங்கே வேறு சமூகங்களின் பெயரை வைத்துச் சொல்வார்கள். பெயரை மாற்றினால் எந்த ஊரிலும் ஓடும். அப்படியானால் அந்த ஜோக்கில் நம்மைப் பற்றிய உண்மை ஒன்றும் இல்லை. அடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சிரிப்பு எங்கே போய் நிற்கிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். "இந்தியன் என்றால் குடிகாரன்" என்று காபிக் கடையில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அங்கேயே நிற்பதில்லை. வாடகை வீடு தேடிப் போகும்போது "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்தில் வந்து நிற்கிறது. "இந்தியன் என்றால் சம்செங்" என்று சிரிக்கிறார்கள். அது வேலை நேர்காணலிலும், சாலைத் தடுப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் போலீஸ்காரர் கண்ணிலும் வந்து நிற்கிறது.

2009 ஜனவரியில் குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். குடும்பம் வழக்குப் போட்டது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஏதோ ஒரு ஜோக்தான் அந்த இளைஞரைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் பிள்ளை காவலில் செத்தான் என்ற செய்தி வரும்போது, "ஏதாவது தப்பு செய்திருப்பான்" என்று ஊர் உடனே நினைக்கிறதே, அந்த நினைப்பை வளர்த்தது எது? நூறு சின்னச் சின்னச் சிரிப்புகள் சேர்ந்துதானே?

நம் வீட்டுக்குள்ளேயும் பார்ப்போம்

அடுத்தவரைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தை நம் வட்டாரத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். அதில் இரண்டு பெண்களின் முகத்தில் கருப்பு பூசி, பாரி வள்ளலின் மகள்களான அங்கவை, சங்கவை பெயரை அவர்களுக்கு வைத்து, கருப்பாக இருப்பதுதான் காமெடி என்று காட்டினார்கள். அரங்கில் இருந்த நம் கருப்புப் பெண் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2017-இல், வாட்சன்ஸ் கடையின் ஹரிராயா விளம்பரத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் கருப்பு பூசியபோது நாடே கண்டித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அங்கே தப்பு என்றால் இங்கேயும் தப்புதான்.

2011-இல் 'இந்தர்லோக்' நாவலைப் பள்ளிப் பாடநூலாக்கியபோது "பறையா" என்ற சொல்லுக்காக நாம் எதிர்த்தோம், அந்த நாவலும் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்த்தது சரி. ஆனால் "எங்களை எப்படி அந்தச் சாதி என்று சொல்லலாம்?" என்றும் சிலர் கேட்டார்களே, அது என்ன நியாயம்? ஒரு சாதியின் பெயரை வசவாகவும் ஜோக்காகவும் கல்யாண வீட்டில் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் மட்டும் சொல்லாதே என்றால் யார் கேட்பார்கள்?

பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இன்று குலை வெட்டுபவர் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, இந்தோனேசியர். நம் தாத்தா இருந்த இடத்தில் இன்று அவர் இருக்கிறார். "பங்களா" என்று கூப்பிட்டு, அவர் பேச்சையும் சாப்பாட்டையும் நம்மவர் நக்கல் அடிப்பதை நான் கேட்டிருக்கிறேன். கடப்பிதழ் முதலாளி கையில் இருந்தால் அந்த மனிதர் எப்படித் திருப்பிப் பேசுவார்? கெலிங் என்று நம்மைச் சொன்னவன் செய்ததும் இதுதானே?

சட்டம் என்ன செய்யும்?

சட்டத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜோக்குக்கும் போலீஸ் புகார், ஒவ்வொரு கோமாளிக்கும் தேச நிந்தனைச் சட்டம் என்று நாம் கேட்கக்கூடாது. 1948-இல் வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டம் 2007 நவம்பரில் பாய்ந்தது இண்ட்ராப் தலைவர்கள் மீதுதான். நாம் எடுத்துக் கொடுக்கும் பிரம்பு முதலில் நம் முதுகில்தான் விழும்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2019-இல் ஒரு கட்டண விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருப்பாக்கிக்கொண்டு, "முத்துசாமி" என்ற பெயர் அட்டையோடு இந்தியராக வந்தார். விளம்பரத்தில் குற்றம் இல்லை என்றது போலீஸ். அதைக் கண்டித்துக் கெட்ட வார்த்தையோடு பாட்டுப் பாடிய இந்திய அண்ணன் தங்கைக்கோ 24 மாத நிபந்தனை எச்சரிக்கை! இந்தியாவில் சர்தார்ஜி ஜோக்குகளைத் தடை செய்யக் கோரிய வழக்கில், மக்களுக்கு ஒழுக்க விதி போட நீதிமன்றத்தால் முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் கேலியை விட்டுவிட்டு, கேலியின் விளைவைப் பிடிக்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 8-ஆவது விதி அரசாங்கம் இன பேதம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் தனியார் வீட்டுக்காரர் இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் சேரப் போவதில்லை என்று 2018-இல் அரசாங்கம் பின்வாங்கியது. நாம் தொடர்ந்து கேட்க வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான். வேலையிடத்தில் ஒரு வழி உண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள, வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். கேலி மட்டும் என்றால் வழக்கு நிற்பது கடினம். கேலி செய்த அதே மேலாளர் உங்கள் ஓவர்டைமை வெட்டினால், பதவி உயர்வை மறுத்தால், அது வேறு கதை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்படியென்றால் சிரிக்கவே கூடாதா?

தாராளமாகச் சிரிக்கலாம். கார்ட்டூனிஸ்ட் லாட் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரையும் வரைந்தார். நாம் யாரும் கோபப்படவில்லை, வெட்டி எடுத்து வைத்துக்கொண்டோம். ஏன்? 1979-இல் வந்த 'கம்போங் பாய்' புத்தகத்தில் அவர் முதலில் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான். மற்றவரை வரைந்தபோதும் மனிதராக வரைந்தார், தோலாக வரையவில்லை. தோட்டத்துத் திண்ணையில் தண்டலையும் துரையையும் நக்கல் அடித்து நம் பாட்டன் சிரித்தானே, அதுவும் நல்ல சிரிப்புதான். மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் சிரித்தால் அவனுக்கு மூச்சு வரும். கீழே கிடப்பவன் மேல் ஏறி நின்று சிரித்தால் அவனுக்கு மூச்சு நிற்கும்.

பெற்றோர்களே, பள்ளியில் "ஹித்தாம்" என்று கூப்பிட்டார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், "கண்டுக்காதே" என்று அனுப்பிவிடாதீர்கள். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மரியாதையாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் எழுத்தில் கொடுங்கள். ருக்குன் நெகாராவின் ஐந்தாவது கோட்பாடே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். பள்ளியில் சொல்ல வைப்பதைக் கடைப்பிடிக்கச் சொல்வதில் என்ன தப்பு? தம்பிமார்களே, வேலையிடத்தில் யாராவது "குராவ் சஜா" என்றால், கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள், கை ஓங்கவும் வேண்டாம். "இதில் எங்கே சிரிப்பு இருக்கிறது? விளக்கிச் சொல்" என்று நிதானமாகக் கேளுங்கள். விளக்கத் தொடங்கினால் அவருக்கே வெட்கமாகிவிடும்.

அடுத்த முறை ஒரு வங்காளதேசத் தொழிலாளியைப் பார்த்து நம்மில் ஒருவர் சிரித்தாலும், இதே கேள்வியை நாம்தான் முதலில் கேட்க வேண்டும். அப்போதுதான் நமக்காகக் கேட்கும்போது நம் குரலுக்கு மரியாதை இருக்கும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!