பலாலிக் காணிக்கு ஒரு திகதி சொல்லுங்கள்

மேதகு சனாதிபதி அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் தன் காணியைக் கேட்டு மனுக் கொடுத்துக் களைத்துவிட்டது. அதனால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். சட்டம் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு வீதியிலிருந்து தொடங்குகிறேன்.

1990இல் மூடிய பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தீர்கள். சனம் மகிழ்ந்தது உண்மை. ஆனால் திறந்த அன்றே அறிவித்தல் பலகையும் நின்றது: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரைதான் போகலாம், வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடக்கக்கூடாது. படையினரின் முள்கம்பிக்கு அப்பால் கிடப்பது அந்தச் சனத்தின் தோட்டக்காணி. போர் முடிந்து ஏறக்குறைய 16 ஆண்டு கழித்தும், தன் காணியைப் பார்க்க ஒரு கிழவர் அன்று பேருந்தை விட்டு இறங்க முடியவில்லை என்றால் அது என்ன திறப்பு?

அது சும்மா கிடக்கிற தரிசு அல்ல, ஐயா. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளைந்த செம்மண். 1990 ஜூனில் போருக்குத் தப்பி ஓடிவந்த கமக்காரன் குத்தகைக்கு நிலம் தேடினான். கிடைக்காதவன் கூலிக்குப் போனான். அவன் பிள்ளைகள் மண்வெட்டி பிடிக்கத் தெரியாமலே முகாமில் வளர்ந்தார்கள். அவன் காணியில் படையினர் மரக்கறி பயிரிட்டு விற்றார்கள். குத்தகையும் கடனும் கட்டுகிறவன், அரச சம்பளம் வாங்குகிறவரோடு சந்தையில் எப்படி விலைக்கு நிற்பான்? தோட்டம் மட்டுமல்ல, தொழிலும் போனது: அருகே, 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அதே 1990இல் நின்றது.

இந்த இழப்பு வடக்கோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. அதற்குப் போர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வரிக் குறைப்பும் கொரோனாவும் இருக்கின்றன. ஆனால் உழைக்கத் தெரிந்த சனத்தை அதன் மண்ணிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் போய் நிற்பது வெட்கக்கேடு. சிங்களக் கமக்காரனின் பிள்ளையும் அந்தக் கடனைத்தான் சுமக்கிறது.

மீண்டும் காணிக்கு வருகிறேன். 2013இல் இந்தப் பகுதியில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்க முற்பட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காணி விட்டார்கள். மிச்சம் இன்னும் படையினரிடம். 2024 நவம்பரில் இதே யாழ்ப்பாணம் உங்கள் கட்சியை முதலிடத்தில் வைத்தது. அந்த நம்பிக்கையை அவமதிக்காதீர்கள்.

இன்னொரு குழு வேண்டாம், இன்னொரு கணக்கெடுப்பும் வேண்டாம். மிச்சக் காணியை எந்தத் திகதியில் விடுவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்.