பறவை பார்க்கப் போறீங்களா? முதல்ல போனை சைலன்ட்ல போடுங்க!

காட்டுயிர்களைப் பார்க்க முதுமலை வரை போக வேண்டியதில்லை. சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. சுமார் 2.7 சதுர கி.மீ. மட்டுமே பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் வாழ்கின்றன.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளின் சீசன். விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம்தான் பெஸ்ட். வெயில் ஏறினால் பல பறவைகள் நிழலில் ஒதுங்கிவிடும்.

எப்படிப் பார்ப்பது?

பளிச்சென்று இல்லாத உடை, ஒரு பைனாகுலர், கொஞ்சம் பொறுமை போதும். முதலில் அசைவைக் கவனியுங்க. அப்புறம் அலகு, கால், நிறம். கோரைப்புல் நடுவே ஊதா உடம்பும் சிவப்பு அலகுமாக, வாலைச் சொடுக்கிக்கொண்டே நடந்தால் அது நீலத் தாழைக்கோழி.

எது கூடாது?

மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிடக் கூடாது. போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதாக நினைத்து, பறவை இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். கூட்டின் படத்தை லொக்கேஷனோடு பதிவிடுவதும் தப்புதான்.

இதனால் என்ன பயன்?

பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால், அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டது. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்வதும் இதே நிலம்தான். பார்த்த பறவைகளைத் தேதியோடு இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யுங்க. நாளைக்கு யாராவது "இது வெறும் பொட்டல்" என்று சொன்னால், மறுக்க ஆதாரம் கையில் இருக்கும்.