கணினியில் வளரும் காடு

காட்டிற் கால் வையாமலே, கணினியிற் காடு வளர்த்து ஆராய்ச்சியை முடித்துவிடும் மாணவர் சிலர் உளர். இஃது எமக்கு உடன்பாடன்று.

1972-ஆம் ஆண்டில் ஜானக், பாட்கின், வாலிஸ் என்னும் மூவர், அமெரிக்க நாட்டு நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காட்டை ஒட்டி ‘ஜபோவா’ என்னும் கணினிக்காட்டை வெளியிட்டனர். (அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளே காட்டின் பெயராயின!) பத்து மீட்டர்ச் சதுர நிலத்தில் மரங்கள் முளைக்கும், நெடியது நிழலிட, குறியது வாடும். சாவோ குலுக்குச்சீட்டு: நூறு கன்றுகளில் இரண்டே முழு வயதை எட்டும் என்று கொண்டனர். அவ்விரண்டு எண்ணிக் கண்டதன்று, கருதிக்கொண்டது. அவர்கள் அதனை ஒளியாது உரைத்தனர். பட்ட மரம் ஒன்றையும் எண்ணியறியாத மாணவனோ அதனை உண்மையென்றே எழுதிவிடுவான், கணினி மறுத்துரையாது. ஆய்வேட்டிற்கு ஒப்பமிடும் ஆசிரியர், அவன் அளந்த மரங்களின் குறிப்பேட்டை முதலிற் கேட்பாராக.