சொல்வளம் பெருக வழி

ஐதராபாத்தில் உள்ள பாலாநகர், தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியாகும். மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கி வருகிறது. வேலை நாடி இப்பகுதியில் குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். உயர்கல்விக்கு ஆங்கிலச் சொல்வளம் தேவை என்பதில் ஐயமில்லை. அதற்காகத் தமிழ் கற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் எனப் பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியானதா?

ஆங்கிலத்தின் கடினமான சொற்கள் பல, கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து பிறந்தவை. ‘டெலி’ என்னும் கிரேக்க வேர் தொலைவைக் குறிக்கும். டெலிபோன், டெலஸ்கோப், டெலிவிஷன் ஆகிய சொற்களைத் தமிழறிஞர் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என வேரறிந்து ஆக்கினர். ‘போட்டோசிந்தசிஸ்’ என்னும் நீண்ட சொல் மாணவரை அச்சுறுத்தும். ‘ஒளிச்சேர்க்கை’ என்னும் சொல்லை அறிந்தவரோ, ‘போட்டோ’ என்பது ஒளி, ‘சிந்தசிஸ்’ என்பது சேர்க்கை என எளிதில் பிரித்தறிவர். ‘தெர்மாமீட்டர்’ வெப்பமானி எனத் தெரிந்தால், ‘தெர்மல்’ என்னும் புதிய சொல்லின் பொருளும் தானே விளங்கும். இவ்வாறு ஒரு வேரை அறிந்தவர் பல சொற்களை அறிகின்றனர்.

தமிழ்ச் சொற்களும் ஆங்கிலத்திற்குச் சென்றுள்ளன. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. ‘கொரண்டம்’ என்னும் கனிமத்தின் பெயர், ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச்சொல்லின் வழி வந்தது என அகராதிகள் கூறுகின்றன. கொரண்டம் என்பது இயற்கையில் கிடைக்கும் அலுமினியம் ஆக்சைடு. பட்டறைகளில் எஃகைத் தீட்டும் சாணைச் சக்கரங்கள் பல இப்பொருளால் ஆனவை. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த இத்தகைய சொற்களைத் தொகுத்து, யூல், பர்னெல் என்னும் இருவர் உருவாக்கிய ‘ஆப்சன்-சாப்சன்’ என்னும் அகராதி 1886இல் வெளிவந்தது.

எல்லாச் சொற்களுக்கும் தாய்மொழி திறவுகோல் ஆகாது என்பது உண்மையே. நல்ல நூல்களைப் படிப்பதும், அகராதியைப் புரட்டுவதும், கற்ற சொல்லைச் சொந்த வாக்கியத்தில் அமைப்பதும் இன்றியமையாதவை. சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால், தேர்வு முடிந்ததும் அது மறந்துபோகும். பொருள் உணர்ந்து கற்ற சொல்லே நிலைக்கும்.

பொருளை உணர்த்துவதில் தாய்மொழிக்கு நிகரான துணை வேறில்லை. ஆதலால், தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்தை வளர்க்க முயல்வது, ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டு மாடி ஏற முயல்வதை ஒக்கும். தமிழை ஊன்றிக் கற்கும் மாணவர் ஆங்கிலத்திலும் சிறப்பர்.