வெப்பமும் மின் பட்டியலும்: சிக்கனம் கூரையிலிருந்து தொடங்க வேண்டும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் இலங்கையின் தென்கோடிக்கு நேராக உச்சம் கொடுக்கும் சூரியன், படிப்படியாக வடக்கு நோக்கி நகர்ந்து, சித்திரைப் புத்தாண்டையொட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலாக உச்சம் கொடுக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கொழும்பு ஓரளவு ஆறுதலடைந்து விடுகிறது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருகோணமலையிலும் கச்சான் காற்றோடு கூடிய வெப்பம் ஆகஸ்ட் மாதம் வரை நீடிக்கிறது.

ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் ஆடம்பரமாகக் கருதப்பட்ட வளிச்சீராக்கி, இன்று நடுத்தர வர்க்கத்தினரின் வீடுகளிலும் இடம்பிடித்து விட்டது. முதியோரும் நோயாளரும் கைக்குழந்தைகளும் உள்ள இல்லங்களில் அதனை வெறும் ஆடம்பரமென ஒதுக்கிவிடவும் முடியாது. எனினும் மாத முடிவில் வரும் மின் பட்டியல், இரவில் பெற்ற சுகத்தைப் பகலில் பறித்து விடுகிறது என்பதே யதார்த்தம்.

2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டதை மக்கள் மறந்துவிடவில்லை. 2024 இலும் 2025 ஜனவரியிலும் குறைப்புகள் இடம்பெற்ற போதிலும், 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீத அதிகரிப்பு வந்தது. இந்தக் கட்டண முறையின் படிநிலைகளைப் புரிந்துகொள்வது அவசியமாகும். 2025 ஜூன் அட்டவணையின்படி, வீட்டுப் பாவனை மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே உயர்ந்த விகிதம் அறவிடப்படுகிறது. 180 அலகுக்கு அப்பாற்பட்ட ஒவ்வோர் அலகின் விலையும் ஆரம்பப் படியின் விலையைவிடப் பன்மடங்காகும். நிலையான கட்டணமும் படிக்குப் படி ஏறுகிறது.

சாதாரண படுக்கையறைக்குப் பொருத்தப்படும் 12,000 பீ.ரீ.யூ. வலுவுடைய பழைய வகை வளிச்சீராக்கி, இரவு எட்டு மணிநேரம் இயங்கினால் ஏறத்தாழ ஐந்து, ஆறு அலகுகளை உட்கொள்ளும். மாதத்துக்கு இது 150 அலகுகளுக்கு மேலாகும். அதே நேரத்துக்கு ஒரு கூரை மின்விசிறி உட்கொள்வது அரை அலகைவிடச் சற்றே அதிகம். ஆகவே, 90 அலகுடன் சமாளித்து வந்த குடும்பம் ஒரேயொரு வளிச்சீராக்கியின் காரணமாக மிக உயர்ந்த கட்டணப் படிக்குள் தள்ளப்படுகிறது.

இதனைக் குறைக்கும் வழிகள் சிக்கலானவையல்ல. அறைக்குள் நுழைந்ததும் 18 பாகையில் வைத்தால் விரைவில் குளிரும் எனப் பலர் எண்ணுகின்றனர். சாதாரண வகை இயந்திரம் எந்தப் பாகையில் வைத்தாலும் ஒரே வேகத்திலேயே குளிரூட்டும். குறைந்த பாகையில் வைத்தால் நெடுநேரம் ஓடும், அவ்வளவே. ஒரு பாகையை உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மீதமாகும் எனக் கணிக்கப்படுகிறது. அயல்நாடான இந்தியா, 2020 ஜனவரி முதல் நட்சத்திரத் தரக்குறியீடு பெறும் அறை வளிச்சீராக்கிகள் 24 பாகையிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டுமென விதித்தது. 26 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உறக்கத்துக்குக் குறைவிராது. வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுதல், கதவு யன்னல் இடைவெளிகளை அடைத்தல், வெளியலகைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு இடம்விடுதல், விடியற்காலையில் தானாக நிற்கும்படி நேரம் குறித்தல் என்பனவும் செலவைக் குறைப்பவையே. புதிதாக வாங்குவோர் இன்வேர்ட்டர் வகையைத் தெரிவு செய்வது நன்று.

ஆயினும் இவை யாவும் நோயின் மூலத்தை விட்டு அறிகுறிக்குச் செய்யும் வைத்தியமே. பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய கொங்கிறீட் தட்டும் சீமெந்துச் சுவரும் அவ்வெப்பத்தை இரவில் அறைக்குள் உமிழ்கின்றன. நாம் பணம் செலுத்திக் குளிர்விப்பது பெரும்பாலும் நமது கூரையையே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும், ஓட்டுக் கூரையும், தாழ்ந்திறங்கிய தாழ்வாரமும் மின்சாரம் அறியாத காலத்திலேயே இப்பிரச்சினைக்கு விடை கண்டிருந்தன. பழைய வீட்டுக்குத் திரும்பிச் செல்லுமாறு எவரும் கூறவில்லை. கூரைக்கு வெண்ணிறப் பூச்சு, உட்கூரை, மேற்குச் சுவருக்கு நிழல் தரும் ஒரு வேம்பு, யன்னலுக்கு மேல் சற்று நீண்ட நிழற்றட்டு ஆகியன எந்த நவீன வீட்டுக்கும் பொருந்தக் கூடியவை. ஒருமுறை செய்யும் இச்செலவு மாதந்தோறும் பயன் தரும்.

வளிச்சீராக்கியைக் கனவிலும் நினைக்க முடியாதோரின் நிலைமை இதனிலும் பரிதாபகரமானது. உட்கூரையற்ற சீற்று வீடுகளில் வாழும் குடும்பங்கள், இரண்டு மின்விசிறிகளைப் பத்து மணிநேரம் சுழலவிட்டாலே மாதத்துக்கு 40 அலகுகள் செலவாகி விடுகின்றன. குளிர்சாதனப் பெட்டியும் விளக்குகளும் சேரும்போது 60 அலகு எல்லை தகர்கிறது. தரமற்ற கூரைக்கான தண்டத்தை ஏழைகள் மின் பட்டியலில் செலுத்துகின்றனர் என்றால் அது மிகையாகாது.

இது தனிநபர் சிக்கனத்துடன் முடிந்துவிடும் விடயமுமன்று. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் கேள்வி பெருகும்போது, அதுவும் நீர்த்தேக்கங்கள் வற்றியிருக்கும் பருவத்தில், விலை கூடிய எரிபொருளை எரித்தே மின்சாரம் பெறவேண்டியுள்ளது. 2022 மார்ச் இறுதியில் நாள்தோறும் 13 மணிநேர மின்வெட்டு ஏற்பட்டதும், அதனைத் தொடர்ந்த நாட்களிலேயே நோன்பும் புத்தாண்டும் வந்ததும் நினைவிருக்கலாம். அந்த வெக்கையில் வளிச்சீராக்கி உள்ள வீடும் இல்லாத வீடும் ஒன்றாகவே இருந்தன.

எனவே, அரச வீடமைப்புத் திட்டங்களில் வீடுகளின் எண்ணிக்கையைப் போலவே கூரையின் தரத்துக்கும் காற்றோட்டத்துக்கும் முக்கியத்துவம் அளிக்கப்பட வேண்டும். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் நகர, பிரதேச சபைகள் வெப்பத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். சீற்று வீடுகளுக்கு உட்கூரை அமைப்பதற்கு இலகு கடன் வழங்குவது, எதிர்காலத்தில் எரிபொருளுக்குக் கொட்டப்படும் அந்நியச் செலாவணியை மீதப்படுத்தும் முதலீடாகவே அமையும். கட்டணத்தை உயர்த்தி மக்களைச் சிக்கனம் பழகச் செய்வது எளிது. சிக்கனமாக வாழக்கூடிய வீட்டை அமைத்துக்கொள்ள அவர்களுக்குக் கைகொடுப்பதே ஆட்சியாளரின் கடமையாகும்.