ஃபுல்லா இருக்கு மச்சான்!

கேரவன் என்றால் நம் ஊரில் ஷூட்டிங் இடைவேளையில் ஹீரோயின் ஏறி உட்காரும் ஏ.சி. வண்டி. ஆஸ்திரேலியாவில் அது வேறு. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற ஒரு போர்ஷன். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், சமயத்தில் மாமியார் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மெல்போர்னில் என் தங்கை வீட்டுக்காரர் இப்படி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கி வைத்திருக்கிறார். 2024 ஜூலையில் நானும் அம்மாவும் போயிருந்தோம். அங்கே ஜூலை என்றால் நல்ல குளிர்காலம். "குளிர் எனக்கு ஒத்துக்காதுடா" என்று அம்மா தலையால் அடித்துக்கொண்டாள். வயது 71, வீசிங் வேறு. "கேரவன்ல ஹீட்டர் இருக்கும்மா, பனியைப் பார்க்க வேணாமா?" என்று இழுத்துப் போன பாவி நான்தான்.

போன இடம் பிரைட் என்ற மலையடிவார ஊர். மெல்போர்னிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் ஓடுவது ஓவன்ஸ் ஆறு. பெயரில் மட்டும்தான் சூடு. கரன்ட் இணைப்புள்ள கேரவன் பார்க்கில் வாடகை கேட்பார்கள் என்பதால் மாப்பிள்ளை ஆற்றங்கரையில் இலவசமாக நிறுத்தினார். வாஸ்துப்படி வாசல் கிழக்கே பார்த்து.

"கூரைல 200 வாட் சோலார். முன்னாடி பெட்டிக்குள்ள 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. அவன் கரன்ட் நமக்கு எதுக்கு மச்சான்?"

ஹீட்டர் டீசலில் எரிவது. ஆனால் பற்றவைக்கவும், ஃபேன் சுற்றவும் 12 வோல்ட் வேண்டும். இது முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது. வெளியே மைனஸ் 3 டிகிரி. அம்மாவின் மூச்சில் விசில் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். அவசரமாக இன்ஹேலர் கொடுத்து, கம்பளியோடு தூக்கிப்போய்க் காரில் உட்கார வைத்து, இன்ஜினை ஓட விட்டு ஹீட்டர் போட்டோம். அந்த அரைமணி நேரம் நான் வேண்டாத சாமி இல்லை. விடியும்போது விசில் அடங்கியது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெயில் வந்ததும் மாப்பிள்ளை கன்ட்ரோலரைக் காட்டினார். "பாருங்க, 14.4 வோல்ட். ஃபுல்லா இருக்கு மச்சான்! பேட்டரிதான் டூப்ளிகேட். வாங்கின கடைக்காரனை சும்மா விடமாட்டேன்."

நான் எலக்ட்ரிகல் படித்துவிட்டு வங்கியில் செக் பாஸ் பண்ணுகிற ஜாதி. இருபது வருஷம் கழித்து மல்ட்டிமீட்டரைத் தொட்டேன். நெகிழ்ச்சியாக இருந்தது.

ரிப்பேரில் முதல் விதி: யாரையும் சந்தேகப்படாதே, அளந்து பார். பேனலைக் கழற்றி அளந்தால் 21 வோல்ட். சரி. ஃப்யூஸ் சரி. கன்ட்ரோலரிலிருந்து வெளியே 14.4. அதுவும் சரி. ஆனால் ஆம்ப்? 0.3. ஃப்ரிட்ஜின் சின்ன விளக்கு குடிப்பதற்கே அது சரியாக இருக்கும்.

வோல்டேஜ் என்பது உங்கள் கிராஸ் சம்பளம் மாதிரி. பார்க்க அழகாக இருக்கும். ஆம்ப்தான் கையில் வருவது. சோலார் இணைப்பை எடுத்துவிட்டு பேட்டரியை மட்டும் அளந்தேன். 12 வோல்ட்டைத் தட்டுத்தடுமாறித் தொட்டது. லித்தியத்தில் இது கிட்டத்தட்ட காலி. மாப்பிள்ளை மூன்று நாளாகப் பார்த்து மகிழ்ந்த 14.4, சோலார் தள்ளுகிற அழுத்தம். பேட்டரி கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

அடுத்து காரை மாட்டி இன்ஜினை ஓட்டினோம். அந்த வழியிலும் சார்ஜ் ஏற வேண்டும். ஏறவில்லை. இரண்டு வேறு வழியிலும் ஏறவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானவர்தான் குற்றவாளி.

பெட்டியைத் திறந்து பேட்டரியைத் தொட்டேன். ஐஸ். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

இந்த ரக பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் என்று பெயர். 1997-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இதைப் பற்றி வந்த பிரபலமான கட்டுரையில் முதல் இரண்டு பெயர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி. மூன்றாவது குட்இனஃப், 2019-ல் தன் 97-வது வயதில் நோபல் பரிசு வாங்கியவர்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைந்து இடம் பிடிக்கின்றன. குளிரில் சீக்கிரம் நுழைய முடியாது. ஆபீஸ் நேரத்து டவுன் பஸ் மாதிரி வாசலிலேயே தொத்தி, உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரிக்கு நிரந்தர சேதம். அதனால் உள்ளே இருக்கும் காவல்கார சர்க்யூட், பி.எம்.எஸ். என்பார்கள், சார்ஜை மட்டும் நிறுத்திவிடும். கரன்ட் எடுக்க விடும், போட விடாது. பேட்டரி டூப்ளிகேட் இல்லை, ரொம்ப யோக்கியம்.

ஆனால் பகலில் வெயில் அடித்ததே? வாசல் கிழக்கே பார்த்ததால் வண்டியின் மூக்கு தெற்கே பார்த்தது. பூமியின் அந்தப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் எப்போதும் நிழல். மூக்கில் இருந்த பேட்டரிப் பெட்டி மூன்று நாளாக வெயிலையே பார்க்கவில்லை. வாஸ்து பொய்யில்லை, அரைக்கோளம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"அடுப்பு வச்சி சூடு காட்டலாமா?" என்றார் மாப்பிள்ளை. தீயோடு பேட்டரி பக்கம் போகவே கூடாது என்று அலறினேன். பிறகு அம்மாவின் முழங்கால் வெந்நீர்ப் பையைக் கடன் வாங்கி, மிதமான சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஜமக்காளம் போர்த்தினோம். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினோம். ஒன்றரை மணி நேரத்தில் 0.3 ஆம்ப் ஒரே தாவாக 6 ஆனது. மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கே பேட்டரி கட்டிலுக்கு அடியில், வீட்டுக்குள் குடியேறியது. சாயங்காலமே மின்சாரம் உள்ள கேரவன் பார்க்குக்கும் மாறினோம். வாடகையை மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் கட்டினார்.

இதையெல்லாம் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பையைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னது:

"குளிர் ஒத்துக்காதுன்னு நான் சொன்னேன், யாரும் கேக்கல. அது சொன்னா மட்டும் மூணு பேரும் ஓடி ஓடி ஒத்தடம் குடுக்கிறீங்க!"