விலைபோன நெஞ்சம்

இரக்கமில்லாதவனைக் கல்நெஞ்சன் என்பது தமிழ் வழக்கு. அங்ஙனம் கூறுவோர் எவரும் அவன் மார்பினுள்ளே மெய்யாகவே கல் கிடப்பதாகக் கருதுவதில்லை. அஃது உருவகம் என்பதை யாவரும் அறிவர். அவ்வுருவகத்தை மெய்யாக்கி, ஒருவனுடைய நெஞ்சை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தே கல்லொன்றை வைத்து, அதற்கு விலையாகப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தால் அவன் வாழ்வு என்னாகும் என வினாவிய கதையொன்று ஜேர்மன் மொழியில் உண்டு. வில்ஹெல்ம் ஹவுஃப் என்பார் எழுதியது. அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் 'குளிர்ந்த நெஞ்சம்' என்றாகும். ஆயின் வெயிலில் வாடும் நாட்டவராகிய நமக்கு 'உள்ளம் குளிர்ந்தது' என்பது மகிழ்ச்சிச் சொல். பனியில் உறையும் நாட்டாருக்கோ குளிர் என்பது சாவின் குறி. ஆதலின், ஈரம் வற்றிய நெஞ்சம் என்று கொள்வதே அக்கதையின் கருத்துக்கு இயையும்.

இத்தகைய இருண்ட கதைகளைச் சிறுவர் கையிற் கொடுத்தல் தகாது என்பார் நம்மிடையே உளர். கொடுமை வரும் இடங்களை நீக்கி, பேராசை பெருநட்டம் என்னும் நீதியை மட்டும் வைத்துச் சுருக்கித் தருதல் போதும் என்பது அவர் கொள்கை. வகுப்பறையிலே ஆண்டு பல கழித்தவன் என்னும் முறையில் யான் இதற்கு உடன்படேன். இக்கதை பேராசையைப் பற்றியது மட்டுமன்று. அவர்கள் நீக்க விரும்பும் பகுதிகளிலேயே அதன் உயிர் இருக்கின்றது.

ஹவுஃப் 1802ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி ஸ்ருட்காட் நகரிற் பிறந்தவர். 1827 நவம்பர் 18இல், இருபத்தைந்து வயது நிரம்பப் பதினொரு நாள் இருக்கையில், மறைந்தார். வூர்ட்டம்பேர்க் நாட்டின் போர் அமைச்சர் இல்லத்திலே பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்த காலத்தில் அவர்கள்பொருட்டே கதை புனையத் தொடங்கினார். 1826, 1827, 1828 ஆகிய ஆண்டுகளுக்கென மூன்று கதைமலர்கள் அவர் பெயரால் வெளிவந்தன; கற்றோர் குடும்பத்துப் புதல்வர் புதல்வியர்க்கென்றே அவை வெளியிடப்பெற்றன. மூன்றாம் மலரிலே இக்கதை உள்ளது. ஆசிரியத் தொழில் செய்த ஒருவர் இளையோரை எண்ணி எழுதிய கதை இது என்பதை, அதனை இளையோரிடமிருந்து மறைக்க விரும்புவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கதை நிகழும் இடம் ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள கருங்காடு. அக்காட்டு மக்களிற் சிலர் கண்ணாடி ஊதுவோர். சிலர் கரி சுடுவோர். சிலர் மரம் வெட்டித் தெப்பமாகப் பிணைத்து, நெக்கார் நதிவழியும் றைன் நதிவழியும் ஒல்லாந்து வரை மிதக்கவிட்டு விற்போர். கப்பல் கட்டும் ஒல்லாந்தருக்கு நெடிதுயர்ந்த அம்மரங்கள் மிகவும் வேண்டப்பட்டன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம். அவ்வணிகம் காட்டினுள்ளே பணத்தைக் கொணர்ந்தது. குடியையும் சூதையும் உடன் கொணர்ந்தது. ஆதலினாலேயே இக்கதையில் நெஞ்சை விலைக்கு வாங்கும் பூதத்தின் பெயர் 'ஒல்லாந்து மைக்கேல்'. அவனுக்கு எதிராக, உழைப்போருக்குத் துணைநிற்கும் 'கண்ணாடிக் குறளன்' என்னும் நற்றெய்வம் ஒன்றும் அக்காட்டில் உறைகின்றது.

பீற்றர் முங்க் கரி சுடுவோனின் மகன், தந்தையை இழந்தவன். தொழிலின் கருமை மேனியிற் படிந்திருப்பதை எண்ணி நாணுகின்றான். ஞாயிற்றுக்கிழமையிற் பிறந்தவனாதலின் குறளனை அழைக்கும் உரிமை அவனுக்கு உண்டு. மூன்று வரம் கேட்கலாம். அவன் கேட்ட முதல் வரம் யாது? ஊரிலே ஆட்டத்திற் சிறந்தவனை விஞ்சி ஆடல் வேண்டும்; கொழுத்த செல்வனாகிய எசேக்கியேலின் பையில் எவ்வளவு பணம் உண்டோ அவ்வளவு தன் பையிலும் எப்போதும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, சிறந்ததொரு கண்ணாடிச் சாலை. அறிவைக் கேளாது போயினையே என்று வருந்திய குறளன் மூன்றாம் வரத்தைக் கொடாது நிறுத்திவைக்கின்றான். பின்னர் ஒருநாட் சூதாட்டத்திலே பீற்றர் எசேக்கியேலின் பணம் முழுவதையும் வென்றுவிடுகின்றான். எசேக்கியேலின் பை வெறுமையாயிற்று. அந்த அளவுப்படியே பீற்றரின் பையும் வெறுமையாயிற்று. பிறனுடைய பையை அளவுகோலாகக் கொண்டு தன் வாழ்வை அளப்பவனுக்கு வேறென்ன எய்தும்? நெஞ்சை விற்பதற்கு முன்னரே அவன் தன் விருப்பத்தை அயலானிடம் அடகுவைத்துவிட்டான் என்பதே இப்பகுதியின் பொருள்.

கண்ணாடிச் சாலையும் கடனில் மூழ்க, பீற்றர் மைக்கேலிடம் ஓடுகின்றான். மைக்கேல் நெஞ்சைக் கேட்கும் முறை கூர்ந்து நோக்கத் தக்கது. அவன் பணத்தின் பெருமையை விரித்துரைத்து மயக்கவில்லை. உன்னை வஞ்சகன் என்று ஒருவன் வைதபோது நொந்தது உன் தலையோ, வயிறோ? அதிகாரி வந்து உன்னை வீட்டினின்று வெளியேற்ற முனைந்தபோது வருந்தியது எவ்வுறுப்பு? இரப்போர்க்கு வாரி வழங்கும்படி உன்னைத் தூண்டியது எது? இவ்வாறு வினாவி, எல்லாவற்றிற்கும் 'நெஞ்சம்' என்னும் விடையை அவன் வாயினின்றே வருவிக்கின்றான். துன்பந் தரும் உறுப்பை நீக்கும் மருத்துவன் போல வந்து, அதற்குமேல் ஓர் இலட்சம் குல்டன் பணமும் தருகின்றான். நெஞ்சை வாங்க வருவோன் எப்போதும் ஆறுதல் கூறுவோனாகவே வருவான். இதனினும் நுண்ணிய எச்சரிக்கையை இளையோருக்கு எந்த நீதிநூல் தரும்?

நெஞ்சிழந்த பீற்றர் ஈராண்டு உலகஞ் சுற்றுகின்றான். அழகிய காட்சி அவனைக் கவரவில்லை, இசை இனிக்கவில்லை, சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. உண்பதும் உறங்குவதுமே எஞ்சின. துன்பத்தை மட்டும் விற்றதாக அவன் எண்ணினான்; இன்பமும் அதே பையிற் கிடந்தது என்பதைப் பின்னரே கண்டான்.

மைக்கேலின் வீட்டிலே கண்ணாடிச் சாடிகள் வரிசையாக உள. ஒவ்வொன்றிலும் ஒரு நெஞ்சம். ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெயர். அதிகாரியின் நெஞ்சம் அங்கே; எசேக்கியேலின் நெஞ்சம் அங்கே; தானியம் பதுக்குவோர் அறுவர், படைக்கு ஆள்சேர்ப்போர் எண்மர், பணத் தரகர் மூவர் ஆகியோரின் நெஞ்சங்களும் அங்கே. சுற்றுவட்டாரத்து மதிப்புக்குரியோர் யாவரும் அத்தட்டிலே அடங்கியிருந்தனர். ஹவுஃப் இதனை வெறுங் கற்பனையாக எழுதினார் அல்லர். 1815 ஏப்ரலிலே இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகைப்படலத்தால் 1816இல் ஐரோப்பாவிற் கோடையே இல்லாதுபோக, வூர்ட்டம்பேர்க்கிலே விளைச்சல் அழிந்தது. 1817இற் பஞ்சம் வாட்டியது. தானிய விலை வானளாவ உயர்ந்தது. அப்பொழுது ஹவுஃப் பதினான்கு வயதுச் சிறுவர். பஞ்சத்திலே பதுக்குவோன் நெஞ்சம் எத்தகையது என்பதை அத்தலைமுறையினர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நாடு திரும்பிய பீற்றரும் அவ்வணிகமே செய்கின்றான். நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் கொடுக்கின்றான். உடன் பணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்கு மும்மடங்கு விலைக்குத் தானியம் விற்கின்றான். கடன் தீர்க்காதோரை வீட்டினின்று வெளியேற்ற அதிகாரியின் துணை உண்டு. அவன் கொள்ளைக்காரன் அல்லன். யாவும் கணக்குப்படியும் சட்டப்படியும் நடக்கின்றன. வறுமையுற்ற தாய் சனிக்கிழமைதோறும் வாயிலில் வந்து நிற்க, ஒரு காசைத் தாளிற் பொதிந்து வெளியே அனுப்புகின்றான்; உள்ளே வருக என்று ஒருபோதும் கூறினான் அல்லன். ஏழை விறகுவெட்டியின் மகளாகிய லிஸ்பெத்தை மணக்கின்றான். சுமையோடு வந்து தண்ணீர் கேட்ட முதியவன் ஒருவனுக்கு அவள் அப்பமும் திராட்சை மதுவும் அளித்தாள் என்னும் ஒரே குற்றத்திற்காகச் சவுக்கின் பிடியால் அவளை அடிக்கின்றான். அவள் வீழ்ந்து இறக்கின்றாள். சிறுவர்க்கு ஆகாது என்று நீக்கப்படுவது இவ்விடமே. இதனை நீக்கின், நெஞ்சை விற்றவன் வாழ்வில் மகிழ்ச்சி குன்றியது என்பது மட்டுமே கதையாகும். இழப்பு அவனுடையது மட்டுமன்று. அவன் பணத்திற்கு விற்ற பொருளின் விலையை லிஸ்பெத்தும் தாயும் ஊராரும் செலுத்தினர் என்னும் உண்மை மறைந்துவிடும். அம்மறைப்பை யான் நீதி என்று கொள்ளேன்.

உணர்ச்சியே இல்லாதவன் அதனை மீளக் கேட்பது எங்ஙனம் என்று கூரிய மாணாக்கன் வினவுவான். ஹவுஃபின் விடை அறிவுக்குப் பொருந்துவது. பீற்றருக்குக் கழிவிரக்கம் வரவில்லை, வர இயலாது. ஆயினும் உறக்கத்திலே, வெதுவெதுப்பான நெஞ்சத்தைத் தேடிக்கொள் என்னும் குரல் கேட்கின்றது. இறந்தபின் நெஞ்சங்கள் நிறுக்கப்படும்போது தம் கற்கள் நன்கு கனக்கும் என்று எசேக்கியேல் கூறிய சொல்லும் உள்ளத்தை உறுத்துகின்றது. உணர்வு போயினும் நினைவு போகவில்லை. அந்நினைவைப் பற்றிக்கொண்டே குறளனை நாடுகின்றான். நிறுத்திவைத்த மூன்றாம் வரம் அன்றுதான் பயன்படுகின்றது. மைக்கேலை உபாயத்தால் ஏமாற்றி நெஞ்சை மீட்கின்றான். குறளன் அருளால் மனைவியும் தாயும் மீளக் கிடைக்கின்றனர். ஆனால் மாளிகையோ இடியுண்டு எரிந்து போயிற்று, அது மீளவில்லை. பீற்றர் மறுபடியும் கரி சுடுவோனாகித் தன் உழைப்பால் உயர்கின்றான்.

இறந்தவள் எழுவது கதையில் மட்டுமே நிகழும். நம் வாழ்வில் அது நிகழாது. மைக்கேலின் பேச்சோ நாள்தோறும் நிகழ்கின்றது. 'இரக்கப்பட்டாற் பிழைக்க முடியாது', 'ஊரார் துன்பம் உனக்கெதற்கு' என்று பிள்ளைக்கு நன்மை செய்வதாக எண்ணி உரைக்கும் வீடுகள் எத்தனை! சக மாணவன் அழுதபோது கலங்கிய பிள்ளையைப் பார்த்து, இவன் உலகத்திற்கு உதவான் என்று கவலுறும் பெற்றோரை யான் கண்டிருக்கின்றேன். அவர்கள் கொடியவர் அல்லர். பிள்ளை நோகாதிருத்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். மைக்கேலும் அதனையே கூறினான்.

நோவது நெஞ்சின் பிணியன்று. அஃது உயிரோடிருப்பதன் அடையாளம். இதனை இளமையிலேயே உணர்த்துதற்கு இக்கதையை இருளோடும் முழுமையாகவும் கற்பித்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.